பழைய கார் வாங்கும் முன் மெக்கானிக் துணையில்லாமல் நாமே எதையெல்லாம் சோதிக்கலாம்?

நிறையவே பார்க்கலாம். ஆனால் வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். "காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக போனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் "சும்மா கழுவ எடுத்தேன்" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். நானாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுவேன். ஸ்டார்ட் ஆகத் திணறுவது, முதல் சில நொடி கடகடவென்ற சத்தம் எல்லாம் இன்ஜின் சூடாகிவிட்டால் வெளியே தெரியாது.

ஸ்டார்ட் செய்யும் முன்பே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். பாலாடை மாதிரி வெளிறிய பிசுக்கு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில், குளிர்நாட்களில், மூடியில் மட்டும் லேசாகப் படிவதுண்டு. ஆயில் அளவு பார்க்கும் கம்பியிலும் அதே நிறம் என்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியில் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் அடைக்கும் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். செலவு பெரிது, விட்டுவிடுங்கள். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவில் எண்ணெய் மிதந்தாலும் இதே கதைதான்.

அப்புறம் சாவியைப் பாதி திருப்பி நிறுத்துங்கள். இன்ஜின், ஏர்பேக், ஏபிஎஸ், ஆயில் விளக்குகள் எரிந்து, ஸ்டார்ட் ஆன சில நொடிகளுக்குள் அணைய வேண்டும். அணையாத விளக்கு யார் கண்ணிலும் படும். நான் அதிகம் சந்தேகப்படுவது எரியவே எரியாத விளக்கைத்தான். கோளாறு தெரியக்கூடாது என்று அதன் இணைப்பைத் துண்டித்திருக்கலாம்.

ஸ்டார்ட் ஆனதும் பின்னால் போய் நின்று புகையைப் பாருங்கள். தொடக்கத்தில் வரும் லேசான வெள்ளை, நீராவிதான். சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் எரிகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கருப்பு என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை, அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதே.

ஓடிய தூரத்தை மீட்டரை மட்டும் வைத்து நம்பாதீர்கள், அதைக் குறைத்துக் காட்டுவது பெரிய வித்தையில்லை. டயரின் பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு எண்கள் 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். மீட்டர் 20,000 கிலோமீட்டர் காட்டுகிறது, நான்கு டயரும் வண்டியைவிட மூன்று வருடம் இளையவை என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தாலும் அந்தக் கணக்கு உதைக்கும்.

அடிபட்ட வண்டியா என்று பகல் வெளிச்சத்தில், கழுவிக் காய்ந்த பிறகு பாருங்கள். கதவு, போனட் இடைவெளிகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். போனட் கீல், முன் ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) போல்ட்களின் தலையில் பெயின்ட் பெயர்ந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடித்தகடு நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள், அங்கே டிங்கரிங் செய்பவர்கள் அவ்வளவு மெனக்கெடுவதில்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். மேல்பகுதி சுத்தமாக இருக்கும், சுருண்டு கிடக்கும் நுனியில் சேற்றுக் கறை அப்படியே இருக்கும். சீட்டுக்கு அடியில் போல்ட்களில் துருவும் சேர்ந்திருந்தால் முடிந்தது. உள்ளே சென்ட் வாசனை மூக்கைத் துளைத்தாலும் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். நான்காவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திருப்புங்கள், டக் டக்கென்று கேட்டால் முன் சக்கர ஆக்சில் ஜாயின்ட் வேலை வைக்கும். திரும்பி வந்ததும் ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு அடியில் பாருங்கள். சொட்டுவது தெளிந்த தண்ணீர் என்றால் ஏசி நீர், கவலையில்லை.

வண்டியில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பர் ஆவணத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, கடன் பாக்கி உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மெக்கானிக்குக் காசு கொடுத்து லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லலாம். அதற்கு விற்பவர் சாக்குச் சொன்னால் நான் விலைகூடப் பேசமாட்டேன்.