பெருந்தலை ஆமையின் கூடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி நாட்களில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஆமை நடை (இரவில் கரையோரம் நடந்து ஆமை முட்டை தேடுவது) போயிருக்கிறேன். இப்போது வேலை அமெரிக்காவின் தென் கரோலினாவில். இந்தக் கோடையில் கியாவா தீவில் பெருந்தலை ஆமைகளின் கூடுகளைக் கண்காணிக்கும் தன்னார்வலர்களுடன் சேர்ந்திருக்கிறேன். சென்னையில் கண்ட முட்டைகளையெல்லாம் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவோம். இங்கே ஒரு கூட்டை மாற்றுகிறார்கள், அடுத்ததை அப்படியே விட்டு வலை போடுகிறார்கள். எந்தக் கூடானாலும் ஒரு முட்டையை மட்டும் எடுத்து உடைக்கிறார்கள். மனம் ஒப்பவில்லை. கம்பி குத்திக் குழி தேடவும் பயமாக இருக்கிறது.

ம., சார்ல்ஸ்டன்

அன்புள்ள ம.,

முட்டையை இடம் மாற்றுவது எந்தக் கரையிலும் இரண்டாவது வழிதான். சென்னையில் பொரிப்பகம் தேவைப்பட்டதற்கு நாய், முட்டைத் திருட்டு, சாலை விளக்கு ஆகிய மூன்றும் காரணம். பங்குனி ஆமை அங்கே எந்த இடத்தில் குழி தோண்டினாலும் இவற்றில் ஒன்று காத்திருக்கும். உங்கள் தீவில் ரக்கூனும் கயோட்டி என்னும் ஓநாய் இன விலங்கும்தான் பெரிய எதிரிகள். கூட்டின் மேல் வலையை விரித்து ஓரங்களை மணலில் ஆழப் பதித்தால் அவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். வலைக்கண் குஞ்சு தாராளமாக நுழைந்து வரும் அளவுக்கு, சுமார் 5 × 10 செ.மீ. இருக்க வேண்டும். இரும்பு வலையை விட பிளாஸ்டிக் வலை நல்லது. இரும்பு கூட்டைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை மாற்றும். குஞ்சுகள் கடலில் திசை அறிவதோ அந்தப் புலத்தைக் கொண்டு.

ஆக, அங்கே இடம் மாற்றுவதா என்பதைப் பெரும்பாலும் ஓதம்தான், அதாவது கடலின் ஏற்ற இறக்கம்தான், தீர்மானிக்கிறது. அமாவாசை, பௌர்ணமி ஓதங்களில் கடலேறும் கோட்டுக்குக் கீழே கூடு இருந்தால் மாற்ற வேண்டும். எப்போதாவது ஓர் அலை நனைத்துப்போகும் இடமென்றால் விட்டுவிடலாம். ஒரு நனைவை முட்டை தாங்கும். தண்ணீர் தேங்கி நின்றால்தான் காற்றில்லாமல் சாகும்.

மாற்றுவதில் கைப்பக்குவத்தை விட நேரம் முக்கியம். தாயின் வயிற்றுக்குள் ஆக்சிஜன் குறைவு என்பதால் கரு வளராமல் நின்றிருக்கும். மணலுக்கு வந்ததும் மறுபடி வளரத் தொடங்கி, ஓட்டின் மேற்புறத்தில் உட்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். சுமார் 12 மணி நேரம் கடந்தபின் முட்டை உருண்டால் அந்த ஒட்டு அறுந்து கரு செத்துவிடும். விடியலிலேயே ரோந்து போவது இதற்காகத்தான். வாளியில் கூட்டின் ஈரமணலைப் பரப்பி, ஒவ்வொரு முட்டையாக எண்ணி, இருந்த நிலையிலேயே திருப்பாமல் வையுங்கள். வெயில் படக்கூடாது. புதுக் குழி பழையதன் ஆழத்திலேயே, கழுத்து குறுகி அடி அகன்று பானை போல இருக்கட்டும். புல் வேர் ஓடும் இடம் வேண்டாம், வேர் முட்டைக்குள்ளேயே இறங்கிவிடும்.

கம்பியைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அது போகவும் வேண்டாம். முதலில் தடத்தைப் படியுங்கள். ஆமை துடுப்பால் தள்ளிய மணல் அது போன திசைக்குப் பின்னால் குவிந்திருக்கும். இரண்டு தடங்கள் குறுக்கிட்டால் மேலே படிந்திருப்பது திரும்பிய தடம். ஆமை கடலிலிருந்து ஏறி வந்த தடம் கலைந்த மணலைத் தொடும் இடத்தருகே தேடுங்கள். முட்டையிட்டபின் ஆமை மணலை வாரி இறைத்தபடி முன்னே நகர்வதால், கடைசியில் கண்ணில் படும் பள்ளத்தில் முட்டை இருக்காது. புதிதாகச் சேர்பவர்கள் அந்தப் பள்ளத்தையே குத்திக் குத்திக் களைத்துப்போவது வழக்கம். கம்பியில் உடல் பாரத்தைப் போடாமல் மெல்ல இறக்குங்கள். சுற்றிலும் மணல் இறுகியிருக்கும், முட்டைக்குழியின் மேல் கம்பி சட்டென்று வழுக்கிப் போகும். அந்தக் கணமே நிறுத்திவிட்டுக் கையால் தோண்டுங்கள். ஓர் அங்குலம் கூட அழுத்தினால் முட்டை உடையலாம். உடைந்த முட்டையையும் அது நனைத்த மணலையும் உடனே அகற்றாவிட்டால் வாசனைக்கு எறும்பும் நண்டும் ரக்கூனும் வந்துவிடும்.

இனி அந்த ஒரு முட்டை. ஒரு கூட்டில் சராசரியாக 110 முதல் 120 முட்டை இருக்கும். ஒரு தாய் ஒரே பருவத்தில் ஏறத்தாழ இரண்டு வார இடைவெளியில் நாலைந்து முறை கரையேறும், அதுவும் ஒரே தீவில் அல்ல. பக்கத்து ஜார்ஜியாவில் 2004-இல் 400-க்கும் குறைவான கூடுகள். 2019-இல் 3,900-க்கு மேல். இவற்றை இட்ட தாய்கள் எத்தனை என்பதைக் கூடுகளை எண்ணிச் சொல்ல முடியாது. முட்டை ஓட்டில் தாயின் மரபணு இருக்கிறது. 2010 முதல் ஜார்ஜியா, தென் கரோலினா, வட கரோலினா மூன்றிலும் கூட்டுக்கு ஒரு முட்டை ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் போகிறது. ஒவ்வொரு தாயையும் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். தாயும் மகளும் ஒரே பருவத்தில் கரையேறுவதும் இப்படித்தான் தெரிந்தது. நூற்றில் ஒன்றுக்கும் குறைவான இந்த இழப்பு தகும் என்பது என் உறுதியான எண்ணம்.

கம்பி பட்டு உடைந்த முட்டையோ விலங்கு தின்று போட்ட ஓடோ இருந்தால் அதையே மாதிரியாக எடுங்கள், நல்ல முட்டை ஒன்று மிஞ்சும். உள்ளிருப்பதைக் கூட்டிலிருந்து தள்ளிக் கொட்டிவிட்டு, ஓட்டை மட்டும் எத்தனால் குப்பியில் போடுங்கள். குஞ்சுகள் வெளியேறி மூன்று நாள் கழித்துக் கூட்டைத் தோண்டி எண்ணும்போது இந்த முட்டையையும் மொத்தக் கணக்கில் சேருங்கள். குப்பியின் மேல் கூட்டு எண்ணையும் தேதியையும் கூட்டருகே நின்றே எழுதிவிடுங்கள். வண்டிக்குத் திரும்பியபின் நினைவிலிருந்து எழுதி இரண்டு குப்பிகளின் எண் மாறிப்போனால், இரண்டு தாய்களின் கணக்கும் கெட்டுவிடும்.