அத்தை குடுத்த 2,000 வெள்ளி

கேள்வி: கல்யாணமாகி ரெண்டு வருஷம். டிசம்பர் லீவுல நாங்க ரெண்டு பேரும் பேக்பேக் மாட்டிக்கிட்டு சென்னையில இறங்கி மகாபலிபுரம், பாண்டி, அங்கிருந்து ராத்திரி பஸ்ல நேரா ராமேஸ்வரம், கன்னியாகுமரி, வர்கலா, கொச்சின்னு 18 நாள் சுத்தப் போறோம். பிளைட் காசு போக 4,500 வெள்ளிதான் (மலேசிய ரிங்கிட்) பட்ஜெட், அதுல 2,000 அத்தை, அதாவது அவரோட அம்மா, கூட்டு (சீட்டு) எடுத்துக் குடுத்தது. வீட்டுக்காரருக்கு டார்ம் பெட் (பொது ரூம்ல ஒரு கட்டில்) போதுமாம், எனக்குத் தனி ரூம் வேணும், தினமும் சண்டை. நடுவுல அத்தை வேற ஆறு வயசுல நாகப்பட்டினத்துல கப்பல் ஏறின கதையை ஆரம்பிச்சாங்க, டாபிக்கை மாத்திட்டோம். யார் சொல்றது சரி?
- பட்டர்வொர்த் வாசகி

பதில்: ரூம் சண்டைக்கு ரெண்டு வரி போதும்மா. ரெண்டு டார்ம் பெட் காசுல சின்ன ஊர்கள்ல தனி ரூமே கிடைக்கும், ஆனா வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு சி-ஃபார்ம் (வெளிநாட்டுக்காரங்க தங்கறதை கவர்மெண்டுக்குச் சொல்ற படிவம்) போடணும்னு சில லாட்ஜ்ல எடுக்க மாட்டாங்க, அதனால முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுக்கோ. டிசம்பர் வேணாம், அந்தக் கரைக்கு வடகிழக்கு மழை, புயல் சீசன், ஜனவரி கடைசிக்கு லீவை மாத்து. ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடி ஓப்பனாகும், அன்னைக்கே ஸ்லீப்பர் போட்டுடு.

இப்ப நான் கேக்கறேன். டாபிக்கை ஏன் மாத்துனீங்க?

2,000 வெள்ளி கூட்டுன்னா மாசம் 200 வெச்சாலும் பத்து மாசம் கட்டணும். அந்தப் பணத்தை வாங்கி பையில வெச்சிக்கிட்டு, குடுத்தவங்க வாயைத் திறந்ததும் பேச்சை மாத்தறதுக்கு என்ன பேரு? அவங்க உன்கிட்ட என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு கேக்கல, ஒரு சேலை வாங்கிட்டு வான்னு கூடச் சொல்லல, ஊர் பேர் காதுல விழுந்ததும் ஒரு ஞாபகம் வந்துச்சு, அதைக் கேக்க உங்க ரெண்டு பேருக்கும் பத்து நிமிஷம் இல்ல. சண்டை போட மட்டும் தினமும் நேரம் இருக்கு.

எனக்குக் கோவம்தான் வருது, மறைக்க மாட்டேன். அந்தக் காலத்துல ரஜூலா கப்பலோ ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ் கப்பலோ நாகப்பட்டினம் கரைக்கு வராது, தள்ளி நிக்கும், படகுல கொண்டுபோய்தான் ஏத்துவாங்க. எங்கம்மா அப்படி வந்தவங்கதான், அவங்க தகரப் பெட்டி இன்னும் என் கட்டிலுக்கு அடியில இருக்கு, மூடியில வெள்ளை பெயிண்ட்ல பேரும் பினாங்கும் எழுதி, 'கு' மட்டும் உரிஞ்சு போச்சு. அதை எழுதினது யாருன்னு நான் கேக்கவே இல்ல. கேக்கணும்னு தோணினப்ப அம்மா இல்ல.

பெத்தவங்க காசு வாங்கினா அவங்க பேச்சையும் வாங்கிக்கணும்மா. அது பிடிக்கலன்னா 2,000-த்தைத் திருப்பிக் குடுத்துட்டு 2,500-ல பத்து நாள் சுத்திட்டு வாங்க, அதுலயும் தப்பில்ல.

மேப்பை எடுத்துப் பாரு, நாகப்பட்டினம் உங்க வழியிலதான் இருக்கு. பாண்டியில காலையில கவர்மெண்டு பஸ் ஏறினா கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி (1620-ல டேனிஷ்காரங்க கட்டின கோட்டை கடலைப் பாத்து நிக்குது, இறங்கிப் பாருங்க), காரைக்கால், நாகூர்னு கரையோரமாவே போயிடலாம். நம்ம பினாங்கு சூலியா ஸ்திரீட்ல தினமும் தாண்டிப் போறியே நாகூர் தர்கா, அதுக்கு மூலம் அங்கதான் இருக்கு. ரெண்டு ராத்திரி தங்குங்க, அந்த ராத்திரி பஸ் காசும் மிச்சம். அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு மாறி மாறி பஸ் புடிச்சிக்கலாம், கொச்சியில ரெண்டு நாள் குறைஞ்சா ஒண்ணும் ஆகாது.

அங்க போய் நின்னு என்ன பண்றதுன்னு கேப்ப. காலையில எட்டு மணிக்குத் துறைமுகத்துப் பக்கம் கடற்கரையில நின்னு அத்தைக்கு வீடியோ கால் போடு, இங்க அப்ப பத்தரை, பசியாறிட்டு சும்மாதான் உக்காந்திருப்பாங்க. நீ பேசாத, கடலைக் காட்டு. உன் வீட்டுக்காரர்தான் போனைப் பிடிக்கணும், அவரோட அம்மா.

அதுக்கும் முன்னாடி இன்னைக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் ரெண்டு பேரும் போனைக் கவுத்து வெச்சிட்டு, படகுல இருந்து கப்பலுக்கு உங்களை யாரு தூக்கி விட்டாங்க அத்தைன்னு கேளு. அவங்க முடிக்கிற வரைக்கும் எந்திரிக்காத.