பிரெஞ்சு கதவுக்குத் திரையா? முதலில் கைப்பிடியை அளந்துவிடுங்கள்

மேற்குப் பார்த்த பிரெஞ்சு கதவு, அதாவது நடுவிலிருந்து இரண்டாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு; மாலை வெயில் தாங்கவில்லை, திறக்கும்போதெல்லாம் திரைச்சீலை சிக்கிக்கொள்கிறது, வீட்டில் குழந்தை வேறு தவழ்கிறது என்கிறீர்கள். சிக்கத்தான் செய்யும், கம்பி சுவரில் அல்லவா இருக்கிறது! இரண்டு கதவிலும் தனித்தனியாக, கதவுச் சட்டத்திலேயே பிளைண்ட் (ஏற்றி இறக்கும் துணி மறைப்பு) பொருத்துங்கள். கதவோடு அதுவும் நகரும்.

வாங்குமுன் கைப்பிடி கண்ணாடி ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். நான் அளக்கவில்லை. துணியின் ஓரம் கைப்பிடியில் உரசி உரசி ஒரே மாதத்தில் நூல் பிரிந்துவிட்டது. பிளைண்டின் கீழ்ப்பட்டையைப் பிடித்துக்கொள்ள அடியில் கிளிப்பும் வேண்டும்; இல்லையென்றால் கதவைச் சாத்தும்போதெல்லாம் கண்ணாடியில் டக்கென்று இடிக்கும்.

வெயிலுக்குத் தேன்கூடு போல் அறைகள் கொண்ட துணி நல்லது. அறைகளுக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை மட்டுப்படுத்தும். குழந்தை தவழ்கிற வீடு என்பதால், தொங்கும் கயிறு உள்ளதை வாங்கவே வாங்காதீர்கள்.