நக்கல் யாரு மேல விழுது?

அண்ணா, 2009ல சிப் சாவ்ங்கற ஹாங்காங் எழுத்தாளர் பிலிப்பைன்ஸை 'வேலைக்காரங்க நாடு'ன்னு எழுதினத நீங்க கண்டிச்சு பேசின வீடியோ பாத்தேன். அவரு ஓட்டினது சீன முதலாளிங்களோட வெத்து தேசபக்தியத்தானே? நக்கல் புரியாத கூட்டத்தோட நீங்களும் சேர்ந்துட்டீங்களே. நீங்க யாரையும் நக்கல் பண்ணதே இல்லையா?
– ஒரு வாசகர், கோவை

தம்பி,

பாதி சரிதான். அந்தக் கட்டுரையில, தென்சீனக் கடல்ல சீனாவும் தன்னோடதுன்னு சொல்ற ஸ்பிராட்லி தீவுல பிலிப்பைன்ஸ் உரிமை கொண்டாடுதுன்னு கடுப்பாகி, வீட்ல வேலை பாக்குற பிலிப்பைன்ஸ்காரங்க லூயிசாவ கூப்பிட்டு, அடுத்த வருஷம் சம்பளம் ஏறணும்னா ஞாயித்துக்கிழமை ஹாங்காங் ஸ்டாட்யூ ஸ்கொயர் மைதானத்துல கூடுற உன் ஊர்க்காரங்க எல்லார்கிட்டயும் ஸ்பிராட்லி சீனாவோடதுன்னு போய் சொல்லுன்னு ஒரு முதலாளி மிரட்டுறாரு, அது அந்த ஆளோட அல்பத்தனத்தைத்தான் காட்டுது, படிச்சப்போ எனக்கே லேசா சிரிப்பு வந்துச்சு.

ஆனா அந்த சம்பள வரிய இன்னொருவாட்டி படிங்க. ஹாங்காங்ல வெளிநாட்டு வீட்டுவேலைக்காரங்களுக்கு கவர்ன்மெண்டே குறைஞ்சபட்ச சம்பளம் வைக்கும். 2003ல அத மாசம் 3,670 ஹாங்காங் டாலர்லருந்து 3,270க்கு வெட்டினாங்க, ஒரே அடியா 400 டாலர், அந்தக் கட்டுரை வந்த 2009 மார்ச்ல அது 3,580தான், அதாவது ஆறு வருஷம் கழிச்சும் பழைய இடத்துக்கே வந்து சேரல. வேலை போச்சுன்னா ரெண்டு வாரத்துல ஊரைவிட்டு கிளம்பணும், 1987லருந்து இந்த ரூல் இருக்கு. முதலாளி வீட்லயேதான் தங்கவும் வேணும். அப்போ சம்பளத்த வச்சு மிரட்டுறது லூயிசாவுக்கு கற்பனை இல்ல தம்பி, தெனப்படி பொழப்பு. கட்டுரைப்படி அவங்க இன்டர்நேஷனல் பாலிடிக்ஸ்ல டிகிரி வாங்கினவங்க, ஆனா ஸ்பிராட்லி பத்தி அவங்க வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேச அதுல இடமே இல்ல. முதலாளிய கிண்டல் பண்றேன்னு ஆரம்பிச்சு கடைசில அவங்களத்தான் கைகட்டி நிக்க வச்சுட்டாரு. என் பிரச்சனை 'வேலைக்காரங்க நாடு'ங்கற அந்த ஒத்த வார்த்தை இல்ல, இதுதான்.

சிப் சாவ பிலிப்பைன்ஸ் இமிக்ரேஷன் பிளாக்லிஸ்ட் பண்ணினது எனக்கும் புடிக்கல. 1970கள்ல மார்க்கோஸ் காலத்துலருந்து ஆளுங்கள வெளிநாட்டுக்கு அனுப்புறதையே கொள்கையா வச்சிருக்கிற அரசாங்கம், அப்படிப் போறவங்களுக்கு 'புது ஹீரோக்கள்'னு பட்டம் வேற குடுக்கும், ஒரு எழுத்தாளன உள்ள விடமாட்டேன்னு சொல்ல காசா பணமா. பத்திரிகை மன்னிப்பு கேட்டுச்சு, அவரும் கேட்டாரு, அதோட விட்டிருக்கலாம்.

வேலை பாக்குறவங்க கோவம் வேற. அவங்க ஏப்ரல் ஆரம்பத்துல ஊர்வலம் போனாங்க, அதுவும் ஞாயித்துக்கிழமை, லீவு அன்னிக்கு. மத்த ஆறு நாளும் முதலாளி வீட்ல சமைக்கணுமே.

அப்புறம் கடைசியா கேட்டீங்கல்ல. பண்ணியிருக்கேன். என் பழைய கதை ஒண்ணுல வீட்டுவேலை பாக்குற ஒரு அக்காவ இங்கிலீஷ தப்பு தப்பா பேசவிட்டு சிரிப்பு காட்டியிருப்பேன். ரெண்டாவது பதிப்புல அந்த ரெண்டு பக்கத்த எடுத்துட்டேன், கதை என்னமோ நல்லாவே ஓடுது, இதுவரைக்கும் எங்க போச்சு அந்த காமெடின்னு ஒருத்தரும் கேக்கல.