அரக்கு டாப்புக்கு எந்தப் பாவாடை?

தையல் கேள்வி பதில். மதுரை செல்லூரில் பெண்கள் உடை தைக்கும் கடை நடத்துபவர் வாசகிகளுக்குப் பதில் சொல்கிறார்.

வாசகி, திருமங்கலம்: அக்கா, விளக்குத்தூண் பக்கம் இரண்டரை மீட்டர் சுங்குடித் துணி எடுத்து, வீட்டு மெஷினில் நானே ஒரு டாப் தைத்தேன். அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளி, வட்டக் கழுத்து. நீளம் இடுப்பெலும்புக்கு மூன்று விரல் கீழே. துவைக்காமல்தான் வெட்டினேன். அத்தை மகளின் நிச்சயதார்த்தத்துக்கு இதை ஸ்கர்ட்டுடன் போட ஆசை. கறுப்பு சாட்டின் ஸ்கர்ட் ஒன்றும், இடுப்பு முழுக்க எலாஸ்டிக் வைத்த வெள்ளைக் காட்டன் பாவாடை ஒன்றும் கைவசம் இருக்கின்றன. அம்மாவின் ராமர் பச்சை சில்க் காட்டன் புடவையை வெட்டித் தைக்கலாமா என்றும் ஒரு யோசனை. எது பொருந்தும்?

எல்லோரும் நிறத்தில்தான் ஆரம்பிக்கிறீர்கள். கடைக்கு வருகிறவர்களும் டாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதற்கு என்ன கலர் போடலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் நிறத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்க்க வேண்டியது இரண்டு துணிகளின் கனம். அடுத்தது, மேல்துணி உடம்பில் எந்த இடத்தில் முடிகிறது என்பது. இவை சரியாக அமைந்துவிட்டால் நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கண்ணை உறுத்தாது.

சாட்டினை மடித்து அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். பளபளப்புக்குப் பக்கத்தில் பருத்தி எப்போதும் வெளுத்துத் தெரியும். நீங்கள் புதிதாக எடுத்த சுங்குடியும் பழையதாகிவிடும். தவிர, கஞ்சி போட்ட பருத்தி விறைத்து நிற்கும், சாட்டின் உடம்போடு ஒட்டி வழியும். இரண்டும் ஒன்றாகச் சேராது.

வெள்ளைப் பாவாடை கனத்தில் பொருந்தும், ஆனால் அதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது சாயம். டாப்பின் உள்பக்கம் தையலுக்கு விட்ட துணியில் ஓர் ஓரத்தை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டை சிவந்தால், நிச்சயதார்த்தக் கூட்டத்தில் வியர்வை பட்டதும் உங்கள் பாவாடையின் இடுப்புப் பகுதியும் சிவக்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். இப்போதைய சாயங்களுக்கு அது ஒன்றும் செய்வதில்லை. குளிர்ந்த தண்ணீரில், தனியாக, தண்ணீர் தெளிகிறவரை அலசி நிழலில் காயவைப்பதுதான் வழி.

இரண்டாவது எலாஸ்டிக். உங்கள் டாப் முடியும் இடத்துக்குச் சற்று மேலேதான் அந்தச் சுருக்கம் முழுவதும் குவிந்திருக்கும். டாப்புக்குள் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டியது மாதிரி வயிற்றைச் சுற்றி ஒரு மேடு தெரியும். முன்பக்கத்து எலாஸ்டிக்கைப் பிரித்துவிட்டு, அங்கே நாலைந்து மடிப்பு வைத்து, மடிப்புகளை மேலிருந்து நான்கு அங்குலம்வரை அழுத்தித் தைத்துவிடுங்கள். பின்பக்கம் எலாஸ்டிக் இருக்கட்டும், உட்கார்ந்து எழ வசதி. முன்பக்கம் சப்பையாகிவிட்டால் டாப் அதன்மேல் நேராக விழும்.

ஆனால் என் கை போவது பச்சைப் புடவைக்குத்தான். அம்மா சம்மதித்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைக் கேளுங்கள். அரக்கும் ராமர் பச்சையும் நம் ஊர்ப் புடவைகளில் உடலும் கரையுமாகக் காலங்காலமாகச் சேர்ந்து வருபவை. சில்க் காட்டனில் மினுமினுப்பு இருந்தாலும் அடங்கியதுதான். பருத்தியை அது அமுக்காது.

வெட்டும்போது புடவையின் நீளத்தைப் பாவாடையின் சுற்றளவாக வையுங்கள், அகலத்தை உயரமாக வையுங்கள். அப்போதுதான் கரை பாதத்தைச் சுற்றி வரும். ஐந்தரை மீட்டரில் மூன்று மீட்டர் போதும். முப்பத்தெட்டு அங்குல இடுப்புக்கு அது ஏறக்குறைய மூன்று மடங்கு, மடிப்புக்குத் தாராளம். மீதி இரண்டரை மீட்டர் தலைப்போடு அப்படியே இருக்கட்டும், மேலே போட்டுக்கொள்ளத் துப்பட்டா ஆகிவிடும். புடவை அகலம் நாற்பத்தைந்து அங்குலம் வரும். உங்கள் பாவாடை உயரம் முப்பத்தெட்டு என்றால், இடுப்புப் பிடிப்புக்கு விட்டதுபோக மேலே ஐந்தாறு அங்குலப் பட்டை கரையோடு மிஞ்சும். அதை எறிந்துவிடாதீர்கள். அந்தக் கரையில் அரை அங்குலம் மட்டும் தெரிகிற மாதிரி டாப்பின் கை ஓரத்தில் வைத்துத் தையுங்கள். தனித்தனியாகத் தைத்தது அதோடு ஒரே செட் ஆகிவிடும். உள்ளே லைனிங் கட்டாயம். அதைத் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். இடுப்பில் மட்டும் சேர்த்துத் தைத்து, கீழே இரண்டு அங்குலம் குறைவாக விடுங்கள்.

டாப்பின் நீளத்தை இப்போதே முடிவு செய்யாதீர்கள். துவைக்காமல் வெட்டிய பருத்தி முதல் சலவையில் சுருங்கும். இருபத்துநான்கு அங்குல டாப் ஓர் அங்குலம்வரை குறையலாம். அலசி, தேய்த்து, பாவாடையோடு போட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். ஓரம் இடுப்பின் மிக அகலமான இடத்தில் வந்து நின்றால், இரண்டு அங்குலம் உள்ளே மடித்துவிடுங்கள், அல்லது இரு பக்கமும் மூன்று அங்குலம் ஓப்பன் விடுங்கள். கையைத் தூக்கியும் பாருங்கள். நிச்சயதார்த்த வீட்டில் தட்டைத் தூக்காமல் இருக்க முடியாது.

வாசகி, மேலூர்: கையால் முடிச்சுப் போட்ட சுங்குடியையும் அச்சடித்ததையும் கடையில் எப்படிப் பிரித்தறிவது? டாப் தைக்க எது நல்லது?

துணியை நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்த புள்ளி சிறு வளையமாக இருக்கும், நடுவில் துணியின் சாயம் ஒரு பொட்டாகத் தங்கியிருக்கும். ஒரு புள்ளியைப் போல இன்னொன்று இராது. நூலை உருவிய இடம் சின்னதாகக் குமிழ்ந்து நிற்பதை விரலால் தடவினாலே தெரியும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில், துணி தட்டையாக இருந்தால் அச்சு. சௌராஷ்டிரச் சமூகத்தினர் மதுரையில் வளர்த்த இந்த வேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகும் கடைகளில் அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் திரை அச்சும்தான். அச்சு என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. முடிச்சுத் துணியின் விலை சொல்லி அச்சை விற்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

டாப்புக்கு இரண்டுமே நல்லவை. முடிச்சுத் துணியை மட்டும் நன்றாகத் தேய்த்துவிட்டு வெட்டுங்கள். குமிழ்களோடு அளந்து வெட்டினால், பிறகு தேய்க்கும்போது துணி விரிந்து டாப் தொளதொளவென்று ஆகிவிடும். தேய்க்க மனசு வரவில்லை, அந்தக் குமிழ்தான் அழகு என்றால், அதைத் தாவணியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாசகி, உசிலம்பட்டி: எப்படித் தைத்தாலும் வட்டக் கழுத்து முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பட்டி சுருங்கிச் சுருங்கி வருகிறது.

பட்டியை நேர்த்துணியில் வெட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். துணியை முக்கோணமாக மடித்து, அந்த மடிப்புக் கோட்டுக்கு இணையாக ஒன்றேகால் அங்குல அகலத்தில் கிராஸ் பட்டி வெட்டுங்கள். இழுத்தால் நீள வேண்டும், அதுதான் அடையாளம். தைக்கும்போது கழுத்தை இழுக்கக்கூடாது, பட்டியை மட்டும் லேசாக இழுத்துப் பிடியுங்கள். தைத்தபின், வளைவில் அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் தையல் நூலைத் தொடாமல் கத்தரிக்கோல் நுனியால் வெட்டுக் கொடுத்து, பிறகு உள்ளே மடியுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்துத் தூண்களுக்கிடையே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்கள், வாடிக்கையாளரை எதிரில் நிற்கவைத்துக்கொண்டே இதைச் செய்து முடிப்பார்கள். நாம் மெதுவாகச் செய்தால் போதும்.

வாசகி, வாடிப்பட்டி: பருத்தி தைக்கும்போது நன்றாக ஓடுகிற மெஷின், சாட்டின் தைத்தால் தையலை விட்டுவிடுகிறது. மெஷினை மாற்ற வேண்டுமா?

ஊசியை மாற்றுங்கள். பருத்திக்குப் பதினான்காம் எண் போட்டிருப்பீர்கள்; சாட்டினுக்குப் பதினொன்று போடுங்கள், புதிதாக. முனை மழுங்கிய ஊசி துணியில் நூலை இழுத்துக் கோடு விழவைக்கும். ஊசியைச் சொருகும்போது தட்டையான பக்கம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். பழைய ஊசியைக் கழற்றும்போதே அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.