பாண்டி பஜாரில் பாவாடை நாடா

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 82. கல்யாணமாகி தி.நகருக்கு வந்த நாளிலிருந்து பாண்டி பஜார்தான் எனக்குக் கடைத்தெரு. ரவிக்கைக்கு ஊக்கு, பாவாடை நாடா, கொண்டை ஊசி, வடிகட்டி எல்லாம் நடைபாதையில் பேரம் பேசி வாங்கியவை. ராஜகுமாரி தியேட்டரில் படம் விட்டால் நடக்க இடமிருக்காது. இப்போது அகலமான நடைபாதை, உட்கார பெஞ்சு எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த வியாபாரிகளைத் தேடி மாநகராட்சி வளாகத்தில் மாடி ஏற வேண்டும். என் முழங்காலுக்கு அது ஆகாது. மகளிடம் சொன்னால், "பழசையே நினைச்சுக்கிட்டு இருக்கம்மா" என்கிறாள்.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. நாடா வாங்க முடியவில்லை என்பது ஏக்கம் அல்ல, புகார்.

பழைய நிலையையும் மறந்துவிடக் கூடாது. கடைகள் நடைபாதையை அடைத்துக்கொள்ள, மக்கள் பேருந்தை உரசியபடி சாலையில் நடந்தார்கள். வழக்கு வருடக்கணக்கில் நடந்து, 2013இல் வியாபாரிகளை மாநகராட்சி வளாகத்துக்கு மாற்றினார்கள். 2019இல் இப்போதைய அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. உங்களுக்கு உட்கார பெஞ்சு கிடைத்ததை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சென்னையில் எத்தனை தெருக்களில் அது இருக்கிறது?

ஆனால் பத்து ரூபாய்ச் சாமானை மாடியில் வைத்தால் யார் ஏறுவார்கள்? புடவைக்கு ஏறுவோம், நகைக்கு ஏறுவோம். நாடாவும் ஊசியும் போகிற வழியில் கண்ணில் பட்டால் வாங்குகிறவை. அந்த வியாபாரமே நடந்து போகிறவர்களை நம்பியது. இடம் மாற்றத்துக்கு அடுத்த வருடம், 2014இல், தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. தவிர்க்க முடியாத தேவை இருந்தாலொழிய வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்பது அதன் போக்கு. தெரு வியாபாரத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் அவர்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வாங்குகிற பாட்டிகளுக்கும் அதில் ஓர் இடம் கொடுத்திருக்கலாம்! இவ்வளவு அகலமான நடைபாதையில், நடப்பவர்களுக்கு இடைஞ்சலில்லாமல் ஓரமாகச் சில கடைகளை வரிசையாக அனுமதித்தால் என்ன கெட்டுவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பெரிய ஜவுளிக் கடைகளின் கதையை அவர்களே விழா மலர் போட்டுச் சொல்லிவிடுவார்கள். நடைபாதைக்காரர்களுக்கு அப்படி யாரும் இல்லை. ராஜகுமாரி பக்கம் யார் என்ன விற்றார்கள், மழை வந்தால் சரக்கை எங்கே ஒதுக்கினார்கள், உங்களுக்குக் கடன் கொடுத்தார்களா, நினைவிருப்பதை எழுதி அனுப்புங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் மகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்