ஒரே இடத்தில் கூடாரம் போட்டுத் தங்கி, தினமும் ஒரு மலைப்பாதையில் நடக்கப் போகிறோம். முகாம் தளத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தளத்தைத் தேடுவதற்கு முன்னால் பாதைகளை முடிவு செய்யுங்கள். பலரும் ஆற்றங்கரைப் படத்தைப் பார்த்து இடத்தைப் பதிவு செய்துவிட்டு, அப்புறம்தான் பக்கத்தில் எங்கே நடக்கலாம் என்று தேடுகிறார்கள். பாதி நாள் வண்டியில் கழிவது இதனால்தான்.

ஒவ்வொரு பாதைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இதற்குப் போதும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். போய்வர 14 கி.மீ., ஏற்றம் 1,200 மீட்டர் என்றால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். இது நல்ல உடற்கட்டு உள்ளவர் நிற்காமல் நடக்கும் கணக்கு. பையும் ஓய்வும் சேர்த்து ஒன்றரை மடங்காக்கினால் ஏழு மணி நேரம். கோடையில் மலைகளில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டும். அதற்குள் உச்சியையும் முகட்டையும் விட்டு இறங்கிவிட வேண்டுமென்றால், விடிந்ததும் நடக்கத் தொடங்கியாக வேண்டும். ஆகவே தளத்திலிருந்து பாதை தொடங்கும் இடத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வண்டிப் பயணம் இருக்கக் கூடாது என்பது என் அளவுகோல். வரைபடத்தில் நேர்க்கோட்டுத் தூரத்தை நம்பாதீர்கள். முகட்டுக்கு அந்தப் பக்கம் 4 கி.மீ.யில் தெரியும் இடத்துக்கு, மலையையே சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கலாம்.

தளத்தின் வாயில்கதவை எப்போது திறப்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். இரவில் பூட்டிவிட்டுக் காலை ஏழு மணிக்குத் திறக்கும் இடம் என்றால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். வாகனத்தை வெளியே நிறுத்த அனுமதி இருந்தால் பரவாயில்லை.

3,000 மீட்டருக்கு மேலே என்றால் உயரம்தான் முதல் கேள்வி. தூங்கும் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். பகலில் உயரே போய்விட்டு இரவில் கீழே வந்து தூங்குவது உடம்புக்கு நல்லது. அதனால் தாழ்வான தளமே மேல். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள். கூடிக்கொண்டே போனால் இரவானாலும் கீழே இறங்கிவிடுங்கள்.

பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குளிரும். ஆனால் காற்றில்லாத, தெளிந்த இரவில் இது தலைகீழாகும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். ஓடைக்கரைக் கூடாரம் பனியில் நனைந்து நடுங்கும்போது, சில பத்து மீட்டர் மேலே உள்ள திட்டில் இருப்பவர் நிம்மதியாகத் தூங்குவார். மழை வந்தாலும் அந்தத் திட்டுதான் நல்லது. மேலே எங்கோ பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே ஓடையைப் பெருக்கிவிடும். கரைப் புதர்களில் சுள்ளியும் சருகும் இடுப்பளவில் சிக்கிக் கிடந்தால், வெள்ளம் அந்த உயரம்வரை வந்துபோயிருக்கிறது என்று பொருள். சிற்றோடை மலையை விட்டு இறங்கும் வாயில், கற்கள் விசிறிபோலப் பரவிய சமதளம் கூடாரத்துக்கென்றே செய்ததுபோல இருக்கும்; அங்கே போடவே போடாதீர்கள். பாறைச் சுவரடியில் பாசி பிடிக்காத, புதிதாக உடைந்த கற்கள் கிடந்தால் மேலிருந்து இன்னும் விழுகிறது. தலைக்கு மேல் காய்ந்த கிளை இருக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள்.

குழாய் இருக்கிறது என்று தளத்தின் அறிவிப்பில் போட்டிருந்தால் போதாது. நீங்கள் போகும் மாதத்தில் தண்ணீர் வருமா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். உறைபனிக் காலத்தில் குழாய்களை அடைத்துவிடுவது வழக்கம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 லிட்டர் வேண்டும். ஓடைத் தண்ணீரை ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெறும் பியூட்டேன் அடைத்த கேஸ் உறைநிலைக் குளிரில் ஆவியாகாது, அடுப்பு எரியாது. புரோப்பேன் கலந்ததை வாங்குங்கள்.

தளத்துக்குள் மனையைப் பொறுத்தவரை, கழிப்பறையிலிருந்து ஐம்பது மீட்டராவது தள்ளி, காலை வெயில் முதலில் படும் கிழக்குப் பார்த்த மேட்டைக் கேளுங்கள். கூடாரம் சீக்கிரம் காயும். பலர் மிதித்து இறுகிய குழியில் மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் தேங்கும். கூடாரம் அடிக்கும் முன் தரையில் ஒருமுறை படுத்துப் பாருங்கள். லேசான சரிவு இருந்தால் மேட்டுப் பக்கம் தலை வையுங்கள்.

பாதைகள் மலையின் இரண்டு பக்கமும் சிதறி இருந்தால் ஒரே தளம் என்று பிடிவாதம் வேண்டாம். இடம் மாற்ற அரை நாள் போகும். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டுவது மிச்சமாகுமென்றால், மூன்று நான்கு நாள் பயணத்திலேயே அந்த அரை நாளை மீட்டுவிடலாம்.